ஹெட் மாற்றிய பிறகு வரும் வால்வு சிக்கல்கள்: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

பெங்களூரில் பழைய வண்டிக்கு வேறு ஹெட் (சிலிண்டருக்கு மேல் வால்வுகளோடு உட்காருகிற மூடி) மாட்டுவது அன்றாடம் நடக்கிற வேலை. சிவாஜிநகர் குஜ்ரியில் (பழைய சாமான் சந்தை) தேடினால் ஹெட் கிடைத்துவிடும். கேஸ்கெட்டுக்கு ஜே.சி. ரோடு, ஃபேஸிங் போட, அதாவது ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவ, ஒரு லேத் பட்டறை. ஞாயிறு சாயங்காலத்துக்குள் மாட்டியும் முடித்துவிடுவார்கள். அப்புறம்தான் போன் வரும். "அண்ணா, கிராங்க் சுத்த மாட்டேங்குது", "அண்ணா, டக் டக்னு அடிக்குது, டேப்பட் வச்சும் போகல." இந்த அழைப்புகள் எல்லாம் ஆறு அறிகுறிகளுக்குள் அடங்கிவிடும். அவற்றை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். வால்வு கிளியரன்ஸ் என்று சொல்லும்போது இரண்டு வேறு இடைவெளிகளைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, வால்வை அழுத்தித் திறக்கிற ராக்கருக்கும் வால்வு தண்டின் நுனிக்கும் நடுவே ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டு வைக்கிற டேப்பட் கேப். இன்னொன்று, வால்வு திறந்து கீழே வரும்போது அதன் முகத்துக்கும் பிஸ்டன் தலைக்கும் நடுவே மிஞ்சுகிற இடம். இதைப் பிஸ்டன் இடைவெளி என்றே சொல்கிறேன். டேப்பட் சரியாக வைத்துவிட்டால் பிஸ்டன் இடைவெளியும் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஹெட் மாறினால் இரண்டையும் தனித்தனியாக அளந்தே ஆக வேண்டும். பழைய ஹெட்டில் இருந்த அளவு புதிய ஹெட்டுக்குச் செல்லாது.

கீழே வருகிற எல்லாச் சோதனைக்கும் பொதுவானவை: இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பிளக்குகள் கழற்றியிருக்க வேண்டும், பேட்டரி ஒயர் எடுத்திருக்க வேண்டும். கிராங்கை (பிஸ்டனை ஏற்றி இறக்குகிற தண்டு) ஸ்பேனர் போட்டுக் கையால், இன்ஜின் ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். செல்ஃப் மோட்டாரும் கிக்கரும் வேண்டாம். கை, முட்டினால் உடனே உணரும். மோட்டார் உணராது, வால்வை வளைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

அறிகுறி 1: கையால் சுற்றும்போது கிராங்க் ஓரிடத்தில் முட்டி நிற்கிறது

அழுத்தாதீர்கள். கொஞ்சம் பின்னால் தளர்த்திவிட்டு, எந்த இடத்தில் நிற்கிறது என்று புல்லியில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே நிற்கிறது என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் இருக்கும் புள்ளி) மிக அருகில், இரண்டு வால்வும் லேசாகத் திறந்திருக்கும்போது நின்றால்

அது ஓவர்லாப் நேரம். எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டிருக்கும், இன்டேக் திறக்கத் தொடங்கியிருக்கும், பிஸ்டன் உச்சியில் இருக்கும். வால்வும் பிஸ்டனும் மிக நெருங்கி வருவது இங்கேதான். பொதுவாக எக்ஸாஸ்ட் வால்வு டிடிசிக்குச் சுமார் 10 டிகிரி முன்பும், இன்டேக் வால்வு சுமார் 10 டிகிரி பின்பும் மிக நெருக்கமாக இருக்கும். இந்த இடத்தில் முட்டினால் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

டைமிங் குறிகளை மறுபடி பாருங்கள். செயினிலோ பெல்ட்டிலோ ஒரு பல் தள்ளியிருந்தாலே போதும். எனக்கு வருகிற போன்களில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடுகின்றன.

டேப்பட்டை முழுக்கத் தளர்த்திப் பாருங்கள். கேப்பே இல்லாமல் இறுக்கி வைத்திருந்தால் வால்வு தேவைக்கு மேல் கீழே இறங்கும்.

புஷ் ராட் (கீழிருந்து ராக்கரைத் தள்ளுகிற நீளக் கம்பி) இன்ஜின் என்றால் ராடுகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். சில இன்ஜின்களில் இன்டேக்குக்கும் எக்ஸாஸ்டுக்கும் நீளம் வேறு. அதோடு, ஃபேஸிங் போட்டு உயரம் குறைந்த ஹெட்டில் பழைய புஷ் ராடே கொஞ்சம் நீளமாகிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் முட்டினால், பிஸ்டன் தலையில் அந்த வால்வுக்கான பள்ளம் இல்லை, அல்லது ஆழம் போதவில்லை. மாருதி ஜிப்ஸியின் 1.3 லிட்டர் இன்ஜின் நல்ல உதாரணம். 8 வால்வு ஹெட்டோடும் வந்தது, பிற்பாடு 16 வால்வு ஹெட்டோடும் வந்தது, இரண்டும் 1298 சிசி. கொள்ளளவு ஒன்றுதானே என்று மாற்ற நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வு இறங்குகிற இடம் வேறு, நான்கு இறங்குகிற இடம் வேறு. பிஸ்டனைப் பார்க்காமல் ஹெட்டை மட்டும் மாற்றுகிற வேலை இல்லை இது.

டிடிசியில், ஆனால் இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது நின்றால்

வால்வுக்குச் சம்பந்தமில்லை. பிஸ்டனே ஹெட்டில் இடிக்கிறது. உறுதிப்படுத்த, அந்தச் சிலிண்டரின் ராக்கர்களைத் தளர்த்தி வால்வுகள் திறக்காதபடி செய்துவிட்டுச் சுற்றுங்கள். அப்போதும் முட்டினால் சந்தேகமே இல்லை. மெல்லிய கேஸ்கெட், பிஸ்டன் மேல் விழுந்த நட்டு, அல்லது போருக்குப் (சிலிண்டரின் உள்விட்டம்) பொருந்தாத ஹெட் என இந்த வரிசையில் பாருங்கள்.

புல்லட்டில் இதை அடிக்கடி கேட்கிறார்கள். 350, 500 இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. தானே, 500 ஹெட் போடலாமா என்று. போர் பாருங்கள்: பழைய 350க்கு 70 மி.மீ., 500க்கு 84 மி.மீ. ஹெட்டின் அறை போரைச் சுற்றி 7 மி.மீ. வெளியே நிற்கும். ஸ்டட் துளையைச் சரிக்கட்டினாலும் கேஸ்கெட் உட்கார இடம் கிடைக்காது. அந்தக் காசில் நல்ல 350 ஹெட்டுக்கு சீட் (மூடும்போது வால்வு உட்காருகிற இடம்) வேலை செய்துகொள்ளலாம்.

டிடிசியிலிருந்து வெகு தூரத்தில் நின்றால்

பிஸ்டன் கீழே போயிருக்கும், வால்வு முழுதாகத் திறந்திருக்கும். இங்கே பிஸ்டனைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று காரணங்கள் இருக்கலாம். ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. ஸ்பிரிங் தொப்பி வால்வு கைடிலோ (தண்டு ஏறி இறங்குகிற குழல்) சீலிலோ இடிக்கிறது. இல்லாவிட்டால், பெரிய வால்வு போட்ட ஹெட் சின்ன போர் மேல் உட்கார்ந்து வால்வின் விளிம்பு சிலிண்டர் சுவரின் மேல் ஓரத்தில் தட்டுகிறது. முதல் இரண்டையும் வால்வு கவரைத் திறந்தாலே கண்ணால் பார்க்கலாம். மூன்றாவதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டும். வால்வு விளிம்பில் பிறை வடிவில் பளபளப்பு தெரியும்.

எப்போது நிபுணரிடம் போவது: முட்டிய பிறகு யாராவது செல்ஃப் அடித்திருந்தால், வேறு எதையும் பார்க்கும் முன் ஹெட்டைக் கழற்றுங்கள். ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, அறையில் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். போர்ட் வழியாகக் கசிந்தால் வால்வு வளைந்திருக்கலாம். வளைந்த வால்வைத் தட்டி நிமிர்த்துவது வேலைக்கு ஆகாது. கைடும் பார்க்க வேண்டியிருக்கும், ஹெட் வேலை தெரிந்த லேத்துக்குக் கொண்டுபோங்கள்.

அறிகுறி 2: தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் இடைவெளி போதுமா என்று தெரியவில்லை

இது அறிகுறியே இல்லை என்று தோன்றலாம். ஆனால் என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கையால் சுற்றும்போது அரை மி.மீ. இருந்தாலும் தாராளமாகத்தான் சுற்றும். ஓடும்போது நிலைமை வேறு. கனெக்டிங் ராட் இழுபடும், வால்வு சூட்டில் நீளும், வேகம் கூடும்போது ஸ்பிரிங்கால் வால்வை கேமோடு (வால்வைத் திறக்க வைக்கிற மேடுள்ள தண்டு) ஒட்ட வைத்திருக்க முடியாமல் போகும். அந்த அரை மி.மீ. 6000 சுற்றில் காணாமல் போய்விடும்.

பொதுவாகப் பின்பற்றுகிற குறைந்தபட்ச அளவு இது: இன்டேக்குக்கு 2.0 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. வால்வின் விளிம்புக்கும் பிஸ்டன் பள்ளத்தின் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் 1.25 மி.மீ. எக்ஸாஸ்டுக்குக் கூடுதலாக வைப்பதற்குக் காரணம் உண்டு. அது மூடிக்கொண்டிருக்கும்போது பிஸ்டன் பின்னாலேயே துரத்தி வருகிறது. வால்வு கொஞ்சம் தாமதித்தாலும் மாட்டிக்கொள்ளும். அதோடு அதுதான் அதிகம் சூடாகிற வால்வு. கம்பெனி மேனுவலில் வேறு அளவு கொடுத்திருந்தால் மேனுவல் சொல்வதே சரி.

களிமண் சோதனை

குழந்தைகள் விளையாடுகிற மாடலிங் களிமண் போதும், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். பிஸ்டன் தலையைப் பெட்ரோல் போட்டுத் துடைத்துவிட்டு, வால்வு இறங்குகிற இடங்களில் 5, 6 மி.மீ. கனத்துக்கு ஒட்டுங்கள். பள்ளத்தின் ஓரங்களையும் மூட வேண்டும், பக்கவாட்டு அளவு அங்கேதான் கிடைக்கும். வால்வு முகத்தில் எண்ணெய் தடவுங்கள். இல்லாவிட்டால் களிமண் வால்வோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

ஏற்கெனவே ஒருமுறை இறுக்கி நசுங்கிய கேஸ்கெட் ஒன்றை வையுங்கள், ஆனால் கடைசியில் போடப்போகிற அதே ரகம், அதே கனம். ஸ்டட்களை டார்க் ரென்ச்சால் முழு அளவுக்கு இறுக்குங்கள். பாதி இறுக்கிச் சோதித்தால் இல்லாத இடைவெளியைக் காட்டும். டேப்பட் கேப்பையும் சரியாக வையுங்கள். இரண்டு முழுச் சுற்று, நிறுத்தாமல், பின்னால் திருப்பாமல். பிறகு ஹெட்டைத் தூக்கி, களிமண்ணை பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரின் ஆழக்கம்பியால் அளங்கள். வெர்னியரின் தாடைகளால் அழுத்தினால் களிமண் நசுங்கிவிடும்.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டரோடு நிறுத்தாதீர்கள். குறைந்தது முதல் சிலிண்டரும் கடைசிச் சிலிண்டரும் பார்க்க வேண்டும். குஜ்ரி ஹெட்டை எத்தனை பேர் எத்தனை தடவை ஃபேஸிங் போட்டிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. ஒரு பக்கம் சாய்வாகச் சீவியிருக்கவும் கூடும்.

ஹைட்ராலிக் டேப்பட் (எண்ணெய் அழுத்தத்தால் கேப்பைத் தானே சரிசெய்துகொள்வது) இருக்கிற இன்ஜினில் இந்தச் சோதனை பொய் சொல்லும். ராயல் என்ஃபீல்டின் யுசிஇ இன்ஜின் அப்படிப்பட்டது. எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது டேப்பட் அமுங்கிவிடும், வால்வு முழுதாக இறங்காது, களிமண் தாராள இடைவெளி காட்டும். சோதனைக்கு மட்டும் அமுங்காத டேப்பட் ஒன்றைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

டயல் கேஜ் இருந்தால்

இதை விட நம்பகமான வழி உண்டு. வால்வு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, கைக்கு அமுங்குகிற மெல்லிய ஸ்பிரிங் ஒன்றைப் போடுங்கள். கிராங்கில் டிகிரி சக்கரம் கட்டி, டிடிசியைப் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுத்து நிறுத்துகிற கம்பி) வைத்துக் கண்டுபிடியுங்கள். டிடிசிக்கு 20 டிகிரி முன்பிலிருந்து 20 டிகிரி பின்பு வரை, 2 டிகிரிக்கு ஒருமுறை நிறுத்தி, விரலால் வால்வைப் பிஸ்டனில் படும்வரை தள்ளி, டயலில் எவ்வளவு போகிறது என்று எழுதுங்கள். மிகச் சிறிய எண் எதுவோ அதுதான் உங்கள் இடைவெளி. ஹெட்டைத் திரும்பத் திரும்பக் கழற்ற வேண்டியதில்லை, எந்த டிகிரியில் நெருக்கம் என்பதும் தெரிந்துவிடும். ஆனால் பக்கவாட்டு அளவை இது சொல்லாது, அதற்குக் களிமண்தான்.

அளவு குறைவாக வந்தால்

ஒன்றில் மட்டும் குறைவு, மற்றதில் மிச்சம் இருக்கிறது என்றால் கேம் டைமிங்கைப் பாருங்கள். கேமை முன்னால் நகர்த்தினால் இன்டேக் வால்வு பிஸ்டனை நெருங்கும், எக்ஸாஸ்ட் விலகும். பின்னால் நகர்த்தினால் நேர்மாறு. ஒரே கேம் உள்ள இன்ஜினில் ஒன்றிடமிருந்து எடுத்துத்தான் இன்னொன்றுக்குக் கொடுக்க முடியும். மேலே கேம் இருக்கிற இன்ஜினில் ஹெட்டைச் சீவும்போது இது தானாகவே கொஞ்சம் நடக்கிறது. கேம் கிராங்கை நெருங்குவதால் டைமிங் சற்றுப் பின்தங்கும். ஆக, ஃபேஸிங் போட்ட ஹெட்டில் எக்ஸாஸ்டுக்கு இரண்டு வழியிலும் இடம் குறைகிறது.

இரண்டிலுமே 0.2, 0.3 மி.மீ. குறைவு என்றால் கனமான கேஸ்கெட் போதும். கம்ப்ரஷன் கொஞ்சம் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்காக இரண்டு கேஸ்கெட்டை அடுக்காதீர்கள்.

அதற்கு மேல் குறைவு என்றால் பிஸ்டனில் பள்ளம் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் சரியான பிஸ்டன் வாங்க வேண்டும். இரண்டும் லேத் வேலை, வீட்டில் கிரைண்டரால் செய்கிற காரியம் இல்லை. வெட்டிய பிறகு பிஸ்டன் தலையின் கனம் எவ்வளவு மிஞ்சும், மேல் ரிங் பள்ளத்துக்கு எவ்வளவு தூரம் இருக்கும் என்று வெட்டும் முன்பே அளக்கச் சொல்லுங்கள். 5 மி.மீ.க்குக் கீழே போகும் என்றால் நான் வெட்ட விடமாட்டேன். பல சிலிண்டர் இன்ஜினில் எல்லாப் பிஸ்டனையும் ஒரே ஆழத்துக்கு வெட்டி, எடை பார்த்துச் சமன் செய்ய வேண்டும்.

அறிகுறி 3: ஸ்டார்ட் ஆனதும் டக் டக் சத்தம்

உடனே டேப்பட் என்று முடிவு கட்டாதீர்கள். ஹெட்டும் எக்ஸாஸ்ட் பைப்பும் சேரும் இடத்தில் கசிவு இருந்தால் அச்சு அசலாக டேப்பட் சத்தம்தான் கேட்கும். ஆறிய இன்ஜினில் அந்த மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்யுங்கள், குமிழ் வந்தால் கேஸ்கெட்டை மாற்றுங்கள்.

கசிவு இல்லையென்றால் டேப்பட் கேப்பை மறுபடி வையுங்கள். புதிய ஹெட் போட்ட இன்ஜின் ஓரிரு முறை சூடாகி ஆறியதும் கேஸ்கெட் இன்னும் கொஞ்சம் அமுங்கும். மறு இறுக்கம் தேவைப்படுகிற ரக கேஸ்கெட் என்றால் முதலில் ஹெட்டை இறுக்கிவிட்டு, அப்புறம் டேப்பட் வையுங்கள். வரிசை மாறினால் வேலை வீண்.

பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டில் ஃபில்லர் கேஜ் தேவையில்லை. கம்ப்ரஷன் டிடிசியில் (இரண்டு வால்வும் மூடியிருக்கிற டிடிசி) வைத்து, வலப்பக்கச் சின்னக் கவரைத் திறந்து, புஷ் ராடை விரலால் உருட்டிப் பாருங்கள். தாராளமாக உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

ஷிம் (டேப்பட் கேப்பைச் சரிசெய்ய வைக்கிற சின்ன வில்லை) போடுகிற இன்ஜினில் கணக்கு எளிது. பழைய ஷிம்மின் கனத்தோடு அளந்த கேப்பைக் கூட்டி, தேவையான கேப்பைக் கழியுங்கள். ஷிம் 2.50, அளந்தது 0.30, தேவை 0.18 என்றால் 2.62 ஷிம் வேண்டும்.

கேப் சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் வால்வு தண்டின் நுனியில் மார்க்கரால் கறுப்படித்து, இரண்டு சுற்றுச் சுற்றி, ராக்கர் தேய்த்த தடத்தைப் பாருங்கள். தடம் நுனியின் நடுவில், ஒடுக்கமாக இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் இந்த ஹெட்டுக்குப் புஷ் ராடின் நீளம் ஒத்துவரவில்லை. அப்படியே ஓட்டினால் வால்வு கைடு ஒரு பக்கமாகத் தேயும்.

சத்தம் கூர்மையாக, உலோகத்தில் உலோகம் அடிப்பதுபோல், ரேஸ் கொடுத்தால் கூடுகிறது என்றால் இன்ஜினை நிறுத்துங்கள். அறிகுறி 2க்குப் போங்கள்.

அறிகுறி 4: ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது கம்ப்ரஷன் குறைவு

முதலில் டேப்பட்டைத் தளர்த்திவிட்டுக் கம்ப்ரஷன் எடுங்கள். ஏறினால், கேப் இல்லாமல் வால்வு மூடாமல் நின்றிருக்கிறது. வால்வு கிரைண்டிங் செய்த ஹெட்டில் இது சகஜம். வால்வு சீட்டுக்குள் இறங்க இறங்க, தண்டின் நுனி மேலே வந்து கேப்பைத் தின்றுவிடும்.

ஏறவில்லை என்றால், கம்ப்ரஷன் டிடிசியில் வால்வுகள் மூடிய நிலையில், கிராங்க் திரும்பாதபடி பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாகக் காற்று கொடுத்துக் காதை வையுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட். எண்ணெய் ஊற்றும் துளையில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட், அல்லது ஹெட்டில் விரிசல். விரிசல் சந்தேகம் என்றால் பிரஷர் டெஸ்ட் செய்கிற பட்டறையில் கொடுங்கள், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பெங்களூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அழுத்தம் சென்னையை விட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு, கம்ப்ரஷன் கேஜும் அதே அளவு குறைத்துத்தான் காட்டும். சென்னையில் 12 பார் காட்டுகிற இன்ஜின் இங்கே 11க்குச் சற்றுக் கீழே காட்டும். இது தெரியாமல் கம்ப்ரஷன் போதவில்லை என்று ஹெட்டை மறுபடி சீவி, நன்றாக இருந்த பிஸ்டன் இடைவெளியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சிலிண்டர்களுக்குள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள், அது எந்த ஊரிலும் பொய் சொல்லாது.

அறிகுறி 5: அதிக வேகத்தில் மட்டும் சத்தம், இழுவை நின்றுபோகிறது

ஸ்பிரிங் பலவீனம். ஹெட்டோடு வந்த பழைய ஸ்பிரிங்கை அப்படியே போட்டிருப்பீர்கள். தரையில் நிற்க வைத்து, புதியதன் உயரத்தோடு ஒப்பிடுங்கள். குட்டையாக இருந்தால் மாற்றுங்கள்.

கேமும் மாற்றியிருந்தால், வால்வு முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே மொத்தமாக 1.5 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும். ஸ்பிரிங் தொப்பிக்கும் சீலுக்கும் நடுவிலும் அதே அளவு வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் தொடர்ந்தால் அந்த இன்ஜினை அந்த வேகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், ஸ்பிரிங் அழுத்தத்தை அளக்கிற பட்டறைக்கு ஹெட்டை எடுத்துச் செல்லுங்கள்.

அறிகுறி 6: வைத்த டேப்பட் கேப் நிற்க மாட்டேன் என்கிறது

கேப் கூடிக்கொண்டே போனால்: லாக் நட், அப்புறம் ராக்கர் நுனியின் தேய்மானம், கடைசியாகக் கேம் மேடு. கேம் தேய்ந்திருந்தால் எண்ணெயில் இரும்புத்தூள் இருக்கும், வடிகட்டியில் காந்தம் வைத்துப் பாருங்கள்.

கேப் குறைந்துகொண்டே போனால் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது. பழைய இரும்பு ஹெட்டுகளில் சீட் தனியாகக் கடினப்படுத்தியிருக்காது. ஈயம் கலந்த பெட்ரோல் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. 2000 பிப்ரவரியோடு இந்தியா முழுவதும் அந்தப் பெட்ரோல் நின்றுவிட்டது. எக்ஸாஸ்ட் பக்கம்தான் முதலில் தெரியும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் இரண்டு மூன்று தடவை டேப்பட் தளர்த்த வேண்டி வந்தால் இனித் தளர்த்துவதில் பயனில்லை. கடினமான சீட் வளையம் போட வேண்டும்.

அந்த வேலைக்கு லேத்துக்குப் போகும்போது ஹெட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். போடப்போகிற வால்வுகள், ஸ்பிரிங், நசுங்கிய கேஸ்கெட், முடிந்தால் ஒரு பிஸ்டன், நீங்கள் எழுதி வைத்த அளவுகள் எல்லாம் கூடவே போகட்டும். எவ்வளவு சீவினார்கள், சீட்டை எவ்வளவு வெட்டினார்கள் என்பதை மி.மீ.யில் எழுதி வாங்குங்கள். திரும்ப மாட்டும்போது களிமண்ணை மறுபடி வைக்க வேண்டியிருக்கும், பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.